நாலு நாள் சாகாத மீன்கள்

கொசுவை ஒழிக்க எங்கள் நகராட்சிக்கு இரண்டே வழிகள்தான் தெரியும். ஒன்று என் அண்ணி, இன்னொன்று என் அண்ணன். அண்ணி கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன்களை வளர்த்து, திங்கட்கிழமைதோறும் ஊரிலுள்ள குட்டை, கிணறு, பூங்காத் தொட்டி எல்லாவற்றிலும் விட்டுவிட்டு வருவார். அண்ணன் முதுகில் மருந்துக் கேனைக் கட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமைதோறும் அதே குட்டை, அதே கிணறு, அதே பூங்காத் தொட்டியில் கொசுப்புழு மருந்து அடித்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் தெருச் சாக்கடைகளில் அடிப்பார். ஏன் இப்படி என்று என்னைக் கேட்டுவிடாதீர்கள். மீன் ஒரு பிரிவு, மருந்து வேறு பிரிவு. இரண்டும் ஒரே கட்டடத்தில் எதிரெதிர் அறைகள். நடுவில் நாலடி அகலத்தில் ஒரு நடை. அந்த நடையைத் தாண்டி ஒரு பிரிவு இன்னொரு பிரிவிடம் வாய் திறந்ததாக என் பதினோரு வருடச் சர்வீஸில் நான் கேள்விப்பட்டதில்லை.

நான் அந்த அலுவலகத்தில் டைப் அடிப்பவன். யார் யாரைத் திட்டினாலும் அது என் விரல் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் எனக்கு எல்லாம் தெரியும், எதிலும் சம்பந்தம் கிடையாது. இதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை என்றுதான் போன வருடம்வரை நினைத்திருந்தேன்.

அண்ணியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பதினேழு வருடத்துக்கு முன்னால் கூட்டிப் பெருக்குவதற்கென்று தற்காலிகமாகச் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் மாதம் மீன்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற, அந்த வேலையையும் சேர்த்து இவர் தலையில் கட்டினார்கள். "ரெண்டு வேளை தீனி போட்டா போதும்மா, அதுங்களே வளர்ந்துக்கும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்களாம். அதுதான் அவருக்கு அலுவலகம் கொடுத்த பயிற்சி.

கட்டடத்துக்குப் பின்னால் பதினான்கு சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பெயிண்டில் ஓர் எண் உண்டு. அண்ணி அதைச் சட்டை செய்யவே மாட்டார். பெற்ற குஞ்சைத் தானே விழுங்கும் பெரிய பெண்மீன்கள் இருப்பது மாமியார் தொட்டி. அந்த மாமியார் என்னைப் பெற்றவள் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். நாள் முழுக்க ஒன்றன் வாலை ஒன்று கடிக்கும் ஆண்மீன்கள் பங்காளித் தொட்டி. தீனி விழும்போது மட்டும் மேலே வந்துவிட்டு மற்ற நேரமெல்லாம் அடியில் படுத்துக் கிடப்பவை கொழுந்தன் தொட்டி.

"சும்மா விளையாட்டுக்குத்தான் தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்பார் அண்ணி.

நான் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவருடைய கண் லேசுப்பட்ட கண் இல்லை. தொட்டி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரை நிமிடம் பார்ப்பார். எது இன்னும் இரண்டு நாளில் குஞ்சு போடும், எது சாப்பிடவில்லை, எது இன்னொன்றிடம் கடி வாங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கடி வாங்கிய மீனைத் தனியாக எடுத்துப் போட்டால் மூன்றாம் நாள் காயம் ஆறி, பழையபடி வம்புக்குப் போகும். பதினேழு வருடமாக இப்படித்தான் நடந்தது.

போன வருடம் அந்தக் காயங்கள் ஆறுவது நின்றது.

முதலில் ஒன்றிரண்டு மீன்களின் முதுகில் பஞ்சு ஒட்டியதைப் போல வெள்ளையாக ஏதோ படர்ந்தது. துடுப்புகள் நைந்து கிழிந்தன. சில மீன்கள் சிமெண்டுச் சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துச் செதில் உரிந்து போயின. அண்ணி உப்புப் போட்டுப் பார்த்தார், தண்ணீர் மாற்றிப் பார்த்தார், தொட்டிகளைக் காயவைத்துத் தேய்த்துப் பார்த்தார். அவை கூட்டமாகச் செத்திருந்தாலாவது ஏதோ விஷம் என்று நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று என்று அடக்க ஒடுக்கமாகச் செத்தன. அப்படிச் செத்தால் மேலதிகாரிகளுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரியும்: வேலைக்காரி சரியில்லை.

எங்கள் சுகாதார அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முத்திரை. எதைக் கண்டாலும் அரக்கை உருக்கி முத்திரை வைத்துவிடுவார். ஒருமுறை குடிதண்ணீர் டிரம்மில் பல்லி விழுந்துவிட்டது என்று புகார் வர, டிரம்முக்கு முத்திரை வைத்துவிட்டு விசாரணைக்கு உத்தரவு போட்டார். பல்லியோடு டிரம் ஒன்றரை மாதம் அப்படியே நின்றது. அந்த மகான்தான் தொட்டிகளைப் பார்வையிட வந்தார். மூக்கில் கைக்குட்டையோடு இரண்டு நிமிடம் நின்றார். பிறகு மேலே வந்து எனக்கு ஒரு மெமோ சொன்னார். நான் டைப் அடித்தேன், என் அண்ணிக்கு.

அதை எடுத்துக்கொண்டு நானே தொட்டிப் பக்கம் போனேன்.

"அண்ணி, உங்க பேருக்கு மெமோ வந்திருக்கு."

"யாரு டைப் பண்ணது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே படிச்சிடுங்க. கண்ணாடி எடுத்துட்டு வரல."

படித்தேன். தங்களது கவனக்குறைவால் மீன்கள் தொடர்ந்து நோயுற்று இறந்துவருவது குறித்துப் பத்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும், விளக்கம் திருப்தியளிக்காத பட்சத்தில் தொட்டிகள் மூடப்பட்டுத் தாங்கள் குப்பைக் கிடங்குக்கு மாற்றப்படுவீர்கள் என்று இருந்தது. அண்ணி கையிலிருந்த வலையைத் தரையில் வைத்தார்.

"கவனக்குறைவுன்னா போட்டிருக்கு? எனக்கா?"

"ஆமா அண்ணி."

"குப்பை பிரிக்கப் போன்னா போறேன் தம்பி. அதுவும் வேலைதான். ஆனா நான் கவனிக்காம இதுங்க செத்துச்சுன்னு எழுதி வச்சுட்டு என்னை அனுப்பக் கூடாது. அதை மட்டும் நான் விடமாட்டேன்."

சொன்னபடி விடவில்லை. மறுநாளே இரண்டு மீன்களை ஒரு ஜாடியில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துக்குப் போனார். மாட்டையும் நாயையும் பார்த்துப் பழகிய அந்த ஆய்வுக்கூடத்துப் பெண், ஜாடியைப் பார்த்து முதலில் சிரித்திருக்கிறார். பிறகு உட்காரவைத்து நிதானமாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பூஞ்சை எல்லாத் தண்ணீரிலும் இருப்பதுதான், தெம்பாக இருக்கும் மீனை ஒன்றும் செய்யாது, மீனுக்கு எதிர்ப்புச் சக்தி விழுந்தால்தான் ஏறி உட்காரும். பூச்சிமருந்து கொஞ்சமாகக் கலந்தாலும் அப்படி ஆகலாம். மீன் உடனே சாகாது, ஆனால் நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்துபோகும், அப்புறம் சின்னக் கீறலே போதும்.

"எங்க தொட்டில யாருங்க மருந்து அடிக்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார் அண்ணி.

வந்தவர் தொட்டிகளைச் சுற்றி நடந்தார். பதினான்கில் ஒன்பதில்தான் நோய். மற்ற ஐந்தில் ஒரு மீனுக்கும் ஒன்றுமில்லை. அந்த ஐந்தும் பின்னால் கட்டியவை, குழாயிலிருந்து நேராக ஹோஸ் போட்டு நிரப்புவார். பழைய ஒன்பதுக்கும் தண்ணீர் ஒரு சின்னக் குழியில் தேங்கித் தெளிந்து, அங்கிருந்து பைப் வழியாக வரும். ஆக, குழியில்தான் ஏதோ விழுகிறது. யார் போடுகிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று அன்று சாயங்காலம் ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றார். பக்கத்துக் கடைக்காரன், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பழைய ஆள், இப்படி மனதில் ஒரு பட்டியலே வைத்திருந்தாராம்.

ஐந்து மணிக்கு என் அண்ணன் வந்தார். தினமும் அண்ணியை பைக்கில் வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிற நேரம் அது. முதுகிலிருந்து கேனை இறக்கினார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குழித் தண்ணீரை மொண்டு, கேனை நன்றாகக் குலுக்கிக் குலுக்கி மூன்று தடவை அலசி, அதைக் குழியிலேயே ஊற்றினார். கையையும் அதிலேயே கழுவிக்கொண்டு, நல்ல பிள்ளையாக பைக் பக்கம் போய் நின்றார்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பழக்கம் அவருக்குப் போன வருடம்தான் வந்தது. அதுவரை கேனை வீட்டில் கொண்டுவந்து ஒரு மூலையில் போட்டுவிடுவார். அண்ணிதான் ஒருநாள், "பைக்ல பின்னாடி உக்கார முடியல, மருந்து நாத்தத்துல தலை வலிக்குது, கழுவிட்டு வந்து என்னை ஏத்துங்க" என்று சண்டை போட்டார். பொண்டாட்டி சொல்லை வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கேட்டார் என் அண்ணன். அதன் பலன் இது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். எல்லாருக்கும் ஒரே வீடு, அதில் எனக்கும் அம்மாவுக்கும் முன்னறை.

"என்னங்க, அந்தக் குழியில கேன் கழுவுறீங்களா?"

"ஆமா. நீதானே கழுவச் சொன்னே."

"அந்தத் தண்ணிதான் என் தொட்டிக்கு வருது."

"வந்தா என்ன? அது கொசுவுக்கு அடிக்கற மருந்து, மீனை ஒண்ணும் பண்ணாது. டப்பாவுல மீன் படம் போட்டு டிக் போட்டிருக்கான் பாரு. நாலு நாள் அந்த மருந்துலயே வச்சுப் பார்த்திருக்காங்களாம். ஒண்ணுகூடச் சாகல."

"சாகலைன்னுதான் போட்டிருக்கான். நல்லா இருக்கும்னு எங்க போட்டிருக்கான்?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா!"

"ஒண்ணா? உடம்புக்குக் காவல் இருக்கறவனை அடிச்சு உக்கார வச்சுட்டு, வீட்டுக்காரன் உயிரோடதானே இருக்கான்னு கேக்கறீங்க. அடுத்தாப்ல எவன் நுழைஞ்சாலும் யாருங்க தடுப்பா?"

அண்ணன் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அவருக்கு அப்போது வேறு கவலை. இருபது வருடம் கேன் சுமந்த பிறகு மேற்பார்வையாளர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. இனி கேனைத் தூக்க வேண்டாம், தூக்குகிறவர்களை அதட்டினால் போதும். உத்தரவு ஆணையர் மேசையில் இருந்தது.

மறுநாள் அண்ணி விளக்கக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ‘குழியில் மருந்துக் கேனைக் கழுவியவர்’ என்ற இடம் வந்ததும் என் விரல் நின்றது.

"அண்ணி, யாரோ கழுவுறாங்கன்னு போட்டுடலாமா? உங்களுக்கும் ஆச்சு, அண்ணனுக்கும் ஆச்சு."

"யாரோன்னு போட்டா, யாரோ வந்து கழுவுற வரைக்கும் நீ என்ன பார்த்துட்டிருந்தே, அதுதான் கவனக்குறைவுன்னு திரும்ப என்னைத்தான் சொல்லுவாங்க. அவர் பேரைப் போடுங்க."

"அண்ணன் பதவி போயிடும் அண்ணி."

"தெரியாமலா சொல்றேன்?" என்றார். "போடுங்க தம்பி. எனக்கு மட்டும் ஆசையா?"

போட்டேன். அன்றிலிருந்து அண்ணன் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் ஐந்து மணிக்கு பைக்கில் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஊரே வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு ஒரே வண்டியில் போய் வந்தார்கள்.

விசாரணைக் குழு கூடியது. மூன்று பேர், முத்திரைதான் தலைவர். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"குழியில கேன் கழுவினீங்களா?"

"காலி கேனைத்தான் சார் கழுவினேன்" என்றார் அண்ணன். மருந்து நிரம்பிய கேனை யாராவது கழுவுவார்களா என்று கேட்கக் குழுவில் ஆளில்லை.

பிறகு அறிவியல் சோதனை. நோயில்லாத தொட்டியிலிருந்து இருபது மீன்கள் எடுத்தார்கள். பத்து மீன்கள் நல்ல தண்ணீர் டப்பில், பத்து மீன்கள் அண்ணனின் கேன் கழுவிய தண்ணீர் கலந்த டப்பில். நல்ல தண்ணீர் டப்பும் வேண்டும் என்று அடம் பிடித்தவர் அண்ணி. இரண்டுக்கும் மேலே வலை கட்டி, தீனி போட மட்டும் ஓர் ஓட்டை விட்டு, சுற்றிலும் அரக்கு முத்திரை வைத்து, குழு அறையின் மூலையில் வைத்தார் அதிகாரி.

"இருபத்தோரு நாள் பாருங்க சார்" என்று அண்ணி கேட்டுக்கொண்டார். "எனக்கு மூணாவது வாரத்துலதான் சாகுது."

"இதுக்கு நாலு நாள்தான்மா. எல்லா இடத்துலயும் அப்படித்தான் பார்க்கறாங்க."

"நாலு நாள் உயிரோட இருந்துட்டா ஆரோக்கியமா சார்?"

"உயிரோட இருக்கறதுதான்மா ஆரோக்கியம்" என்றார் அவர். இதைச் சொன்னபோது அவருக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நாலாம் நாள் பத்தும் உயிரோடு நீந்தின. தீனி போட்டால் ஓடி வந்தன. குழு டீ குடித்தது. தீர்ப்பை நான் டைப் அடித்தேன்: கேன் கழுவிய நீரால் தீங்கில்லை, கணவர் குற்றமற்றவர், மனைவி கவனக்குறைவானவர், மேலும் தன் தவற்றை மறைக்கக் கட்டிய கணவர் மேலேயே பழி சுமத்தியவர். தொட்டிகளை மூடிவிட வேண்டும். ஆணையர் கையெழுத்துப் போட்டதும் அமலுக்கு வரும்.

அண்ணி அதைக் கேட்டுவிட்டு, போய்த் தொட்டிகளுக்குத் தீனி போட்டார். வீட்டில் அம்மாவே, அந்த மாமியாரே, "அவளைக் கொஞ்சம் சாப்பிடச் சொல்லுடா" என்று என்னிடம் சொன்னாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்கள் அலுவலகத்தின் ஒரு பெருமையை எல்லாரும் மறந்துவிட்டோம். இங்கே எதுவும் உடனே நடக்காது. ஆணையர் எங்கோ பயிற்சிக்குப் போயிருந்தார், பிறகு பயிற்சியின் களைப்புக்காக விடுப்பில் போனார். அவர் கையெழுத்து விழும்வரை சாட்சிப்பொருளின் முத்திரையை உடைக்கக் கூடாது என்பது அதிகாரியே போட்ட உத்தரவு. ஆகவே டப்புகள் இரண்டும் மூலையில் நின்றன. பியூன் தினமும் ஓட்டை வழியாக ஒரு சிட்டிகை தீனி போட்டார். இருபத்தோரு நாள் கொடுங்கள் என்று அண்ணி கெஞ்சியபோது கொடுக்காத அலுவலகம், சோம்பேறித்தனத்தால் இருபத்திரண்டு நாள் கொடுத்தது.

இருபத்திரண்டாம் நாள் ஆணையர் வந்தார். குழு அறையில் கால் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா நாத்தம்?"

எல்லாரும் மூலைக்குப் போனோம். கேன் தண்ணீர் டப்பில் ஏழு மீன்கள் மிதந்தன. மிச்சம் மூன்றும் உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, ஒருக்களித்துக் கிடந்து வாயை மட்டும் திறந்து மூடின. பக்கத்து டப்பில் பத்து மீன்களும் துள்ளிக்கொண்டிருந்தன. கூடவே கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள்.

"இதெல்லாம் செத்திருக்கே?" என்றார் ஆணையர்.

"நாலாம் நாள் எல்லாம் உயிரோடதான் சார் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப விசாரணை முடிஞ்சு போச்சு சார்" என்றார் அதிகாரி. "ஆனா இந்த நல்ல தண்ணி டப்புலதான் சார் குழப்பம். பத்து வச்சு முத்திரை போட்டோம், இப்ப முப்பத்தாறு இருக்கு. எண்ணிக்கை எப்படி ஏறுச்சுன்னு அந்தம்மாகிட்ட விளக்கம் கேக்கப்போறேன்."

சிரிக்க வேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் கதவோரத்தில் என் அண்ணன் நின்றிருந்தார். பதவி உத்தரவை வாங்கிக்கொள்ள வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். டப்பின் அருகே வந்து குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வலைக்கு மேலே விரலை வைத்து ஒரு மீனைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"சார்" என்றார் ஆணையரிடம். "ஒரு வருஷமா தினமும் அந்தக் குழியிலதான் சார் கழுவினேன். மூணு தடவை அலசுவேன். எம் பொண்டாட்டி எழுதினது நெசம். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"உங்க உத்தரவு இதோ இருக்கு. யோசிச்சுப் பேசுங்க" என்றார் ஆணையர்.

"யோசிக்கறதுக்கு என்ன சார் இருக்கு? கண்ணு முன்னாடி கெடக்குதே."

அண்ணனின் பதவி உத்தரவு திரும்ப உறைக்குள் போயிற்று. மூன்று நாள் கழித்துப் புது உத்தரவு வந்தது. அண்ணி மேலிருந்த மெமோ ரத்து. கவனக்குறைவு என்ற சொல் கோப்பிலிருந்து நீக்கப்படுகிறது. தொட்டிகள் அவர் பொறுப்பிலேயே தொடரும். மீன்களின் நலன் கருதி இனிமேல் அலுவலக வளாகத்துக்குள் யாரும் மருந்துக் கேனைக் கழுவக் கூடாது, ஊழியர்கள் அவரவர் வீட்டில் கழுவிக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் பைக்கில் பேசிக்கொண்டே வந்து இறங்கினார்கள். அண்ணி முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு. அண்ணன் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட ஊழியராகக் கேனை நேராகக் கொல்லைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் குடிக்கப் பிடிப்பதும், பாத்திரம் கழுவுவதும், அம்மா குளிப்பதும் அந்தக் குழாயில்தான்.

"இருங்க, இருங்க" என்று அண்ணி பின்னாலேயே ஓடினார். "மீனுக்கு ஆகாததை இங்கயா கொட்டுவாங்க?"

கேனைப் பிடுங்கப் போன அண்ணி, அண்ணனின் வலது கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கையைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். விரலிடுக்குகளில் தோல் வெளுத்து வெடித்துப் புண்ணாக இருந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"அது கெடக்கு. நாலஞ்சு மாசம் இருக்கும். ஆறுற மாதிரி ஆகும், திரும்ப வரும்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு? நல்லாத்தானே இருக்கேன்."

மெமோவுக்கு அழாத அண்ணி, தீர்ப்புக்கு அழாத அண்ணி, குழாயடியில் அப்படியே உட்கார்ந்து அழுதார். "ஒவ்வொரு மீனையும் உத்து உத்துப் பார்த்தேனே. தினமும் பின்னாடிதானே உக்காந்து வந்தேன், இந்தக் கையை ஒருநாள் பார்க்கலையே."

பிறகு எழுந்து, கேனைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுவந்து அண்ணனின் கையில் ஊற்றினார். அண்ணன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.